நடுவில் குழி

சைபருக்குக் கீழே முப்பத்தாறு.
சஸ்கட்டூன் இன்னும் இருட்டில் கிடக்கிறது.
பேக்கரியில் இரவு வேலை முடித்து
ஆறே முக்காலுக்கு நிலக்கீழ் வீட்டுப் படி இறங்குகிறேன்.
மீசையில் பனி, சப்பாத்தில் கோதுமை மா.
நீ ஆறு இருபது பஸ்ஸில் போய்விட்டாய்.

மைக்ரோவேவ் கதவில் மஞ்சள் துண்டு:
"சோத்தைக் குவிக்காதேங்கோ.
வட்டமாப் பரப்பி நடுவில குழி விடுங்கோ.
ஓரம்தான் முதல்ல சுடும்,
நடு ஐஸ் மாதிரிக் கிடக்கும்."

குழி விட்டேன்.
சோறு சுற்றிச் சுற்றி வந்தது.
மணி அடித்ததும் திறக்கக் கூடாது,
அது போன மாதத்துத் துண்டு:
"ரெண்டு நிமிசம் விடுங்கோ.
சூடு இன்னும் உள்ள நடந்துகொண்டிருக்கும்."
அந்த இரண்டு நிமிடத்தில்தான்
உன் பழைய துண்டுகளை எல்லாம் வாசிப்பேன்.

"தயிர்ப் பெட்டியில கறி சூடாக்காதேங்கோ."
"எவர்சில்வர் மூடி ஆர் வச்சது?"
(இந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர், மிதுலா.)
கீழே என் எழுத்து: நான்தான். பொறி பறந்தது.
அதற்கும் கீழே: முட்டையும் நான்தான்.
மறுநாள் முழுக்க
தேசிக்காய் மணந்தது பெட்டிக்குள்.
பாதித் தேசிக்காய், ஒரு கோப்பைத் தண்ணீர்,
ஐந்து நிமிட ஆவி.
என் முட்டையின் கடைசித் துணுக்கையும்
நீ ஈரத்துணியில் எடுத்திருந்தாய்.

ஒக்டோபர் துண்டு ஒன்று மட்டும்
எழுத்துகள் சரிந்து, பிள்ளை எழுதியது போல:
"வெறும் தண்ணியைக் கனநேரம் வைக்காதேங்கோ.
கொதிக்காத மாதிரிக் கிடக்கும்,
கரண்டி போட்டவுடன சீறும்.
மரக்கரண்டியை முதலே உள்ள வையுங்கோ."
எனக்கு அறிவுரை என்று நினைத்துச் சிரித்தேன்.
நீ இடது கையால் எழுதியிருக்கிறாய் என்பது
நான்கு நாள் கழித்து,
குப்பைக் கூடையில் மருந்துத் துணி பார்த்தபோதுதான்
எனக்கு விளங்கியது.

தை மாதம், ஒரு விடியல்.
கதவு ஒரு பக்கம் தொங்கியது.
அழுத்தி மூடினாலும்
ஒரு தாள் நுழையும் இடைவெளி.
ஊரில் எத்தனை ரேடியோ திறந்தவன் நான்.
பிளக்கைக் கழற்றினேன்,
பெட்டியைத் திருப்பினேன்,
முதல் ஆணியில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துவிட்டு
பெருமைக்கு உனக்கு ஒரு படம் அனுப்பினேன்.

போன் உடனே அலறியது.
"தொடாதேங்கோ!
பிளக்கைக் கழட்டினாலும்
உள்ள கரண்ட் படுத்திருக்கும்.
ஆளைக் கொல்லும், வாகீசன், வையுங்கோ அதை!"
உன் பின்னால் மருந்துப் பெட்டிகள் ஓடும் பட்டியின் இரைச்சல்.
இருபத்தொரு நாளாக நான் கேளாத குரல்.
ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தேன்.
"இன்னும் சொல்லு" என்றேன்.
"என்னத்தை?" என்றாய்.
இடைவேளை முடிந்துவிட்டது.

ஞாயிறு இருவருக்கும் லீவு.
மேல் வீட்டு ஒலேனாவின் பிள்ளைகளிடம்
பனிச்சறுக்குப் பலகையை இரவல் வாங்கி
கதவை உன் சால்வையால் கட்டி ஏற்றினோம்.
நீ கயிற்றை இழுத்தாய்.
நான் குனிந்து, சரியாமல் பிடித்தபடி நடந்தேன்.
வயர் பனியில் வாலாக இழுபட்டது.
பகல் வெளிச்சத்தில் உன் மணிக்கட்டு
கையுறைக்கும் கோட்டுக்கும் நடுவில்
கொஞ்சம் வெளுத்துத் தெரிந்தது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
நீ கோட்டுக் கையை இழுத்துவிட்டாய்.

பழைய மின்சாமான் எடுக்கும் இடத்துக்காரன் கேட்டான்,
வேலை செய்யுமா என்று.
"செய்யும்," என்றாய்,
"ஆனால் செய்ய விடக் கூடாது."
அவன் அதை அப்படியே
கறுப்புப் பேனாவால் பெட்டியில் எழுதிக்கொண்டான்.

திரும்பி வந்தால்
கண்ணாடித் தட்டு மட்டும்
கழுவிக் கவிழ்த்தபடி தொட்டியருகில்.
கொடுக்க மறந்துவிட்டோம்.
புதியது புதன்கிழமைதான் வரும்.

நேற்றையப் புட்டை அதில் கொட்டினாய்.
குளிர்ந்து, கட்டியாகி, சம்பலும் உறைந்து.
நான் ஓரத்தில் உதிர்த்துக்கொண்டிருந்தேன்.
நீ நடுவிலிருந்து தின்னத் தொடங்கினாய்.